முதல் மடிக்கணினி வாங்கும் முன்: மாடல் எண்ணைப் படிக்கும் வழி

பொறியியல் கலந்தாய்வு முடிந்து இடம் உறுதியானதும் எங்கள் பயிற்சி மையத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் சேரப்போகும் பையன், பர்கூரில் இடம் கிடைத்த பெண், கூடவே அப்பாவோ மாமாவோ. தருமபுரியில் பல ஆண்டுகளாகக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சார், ஹெச்பி நல்லதா, டெல் நல்லதா, லெனோவோ நல்லதா?"

இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. கிருஷ்ணகிரி மாம்பழம் நல்லதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெங்களூராவா, செந்தூராவா, அல்போன்சாவா என்று திருப்பிக் கேட்பீர்கள். கூழுக்கா, வெட்டிச் சாப்பிடவா என்று கேட்பீர்கள். மடிக்கணினி நிறுவனங்களும் அப்படித்தான். டெல்லில் இன்ஸ்பிரான் ஒரு ரகம், அலுவலகங்களுக்கான லாடிட்யூட் வேறு ரகம். லெனோவோவில் ஐடியாபேடும் திங்க்பேடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு வேறு பொருள்கள். ஹெச்பியின் விலை குறைந்த 15 வரிசைக்கும் எலைட்புக்குக்கும் இடையே உள்ள தூரம், ஹெச்பிக்கும் டெல்லுக்கும் இடையே உள்ளதைவிட அதிகம். போதாக்குறைக்கு, இந்தப் போட்டி நிறுவனங்களில் பல தங்கள் கணினிகளைக் குவாண்டா, காம்பல் போன்ற அதே தைவான் ஒப்பந்த நிறுவனங்களிடம்தான் செய்து வாங்குகின்றன.

ஆகவே நிறுவனத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். அரைமணி நேரம் ஒதுக்கினால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த மென்பொருள்கள் ஓட வேண்டும், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், தினமும் தூக்கிச் செல்ல வேண்டுமா, அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும். எழுதாமல் போனால் கடையில் இருக்கும் சலுகைதான் உங்கள் தேவையைத் தீர்மானிக்கும்.

டேலியும் எக்ஸெலும் பார்க்கும் பி.காம். மாணவிக்கு நடுத்தர வேகம் போதும். ஆனால் விசைப்பலகையின் வலப்புறம் தனி எண் பகுதி இருக்க வேண்டும். அது இல்லாமல் நாள் முழுக்கத் தொகைகளை அடித்தால் விரல் நோகும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்குக் காணொளி வகுப்புகளும் பிடிஎஃப்களும்தான் என்றால் இன்டெல் நிறுவனத்தின் விலை குறைந்த ஐ3 பிராசசரே தாராளம். மிச்சப்படும் பணத்தில் நல்ல திரை வாங்கட்டும். கட்டடவியல் மாணவருக்கு ஆட்டோகேட் வேண்டும். இயந்திரவியல் மாணவருக்குப் பெரும்பாலும் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் வந்து சேரும். அது விண்டோஸில்தான் ஓடும், ஆப்பிளின் மேக்குக்கென்று அதற்குப் பதிப்பு கிடையாது. மேக்புக் ஏர் மின்விசிறியே இல்லாமல் சத்தமின்றி ஓடும் அருமையான கணினி. ஆனால் இயந்திரவியல் மாணவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம். கணினி அறிவியல் மாணவர் கைப்பேசிச் செயலி எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்கும் நாளில் 8 ஜிபி ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மூச்சுத் திணறும். அவருக்கு 16 வேண்டும்.

பிராசசர்: ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

பிராசசர் என்பது கணினியின் மூளையான சில்லு. அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கணினியின் மேல் "ரைசன் 5" என்றோ "ஐ5" என்றோ ஒட்டியிருக்கும். கடைக்காரரும் அதையே சொல்வார். அது குடும்பப் பெயர் மட்டும்; ஆள் யார் என்பது பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து எண்தான் வித்தியாசம். உள்ளே முதலாவதில் 4 கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), ஜென் 2 என்னும் பழைய வடிவமைப்பு. இரண்டாவதில் 6 கோர்கள், அதற்கு அடுத்த தலைமுறையான ஜென் 3. இரண்டிலும் ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கர்தான்.

இந்த 7000 வரிசையில் நினைவு வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நான்கு இலக்கங்களில் மூன்றாவதைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 அல்லது அதன் மேம்பட்ட வடிவம், 4 என்றால் ஜென் 4. அட்டைப்பெட்டியைப் பார்த்த நொடியிலேயே உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். முதல் இலக்கம் சந்தைக்கு வந்த ஆண்டைத்தான் காட்டுகிறது. அதை வைத்துப் புதியது என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்டெலில் கடைசி எழுத்து முக்கியம். யு என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை. ஹெச் என்றால் அதிக மின்சாரம் எடுத்து அதிக வேகம் காட்டும் வகை. ஐ5-1235யு என்பதில் 10 கோர்கள் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அவற்றில் 2 மட்டுமே வேகக் கோர்கள், மீதி 8 சிக்கனக் கோர்கள். ஐ5-12450ஹெச்சில் மொத்தமே 8 கோர்கள், ஆனால் வேகக் கோர்கள் 4. கனமான வேலையை நீண்ட நேரம் செய்ய இரண்டாவது நல்லது; பேட்டரியில் நீண்ட நேரம் ஓட முதலாவது நல்லது. கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2023 இறுதியிலிருந்து இன்டெல் தன் புதிய சில்லுகளுக்கு 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைக்கிறது. அங்கேயும் விதி மாறவில்லை: முழு எண்ணையும் வாங்கித் தேடுங்கள்.

இன்னொரு நுட்பம். ஒரே பிராசசர் இரண்டு நிறுவனங்களின் கணினியில் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எத்தனை வாட் மின்சாரம் கொடுப்பது, எவ்வளவு பெரிய மின்விசிறி வைப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. மெல்லிய உடலில் அடைத்த பிராசசர் ஐந்து நிமிடம் பாய்ந்து ஓடிவிட்டு, சூடேறியதும் தளர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில் அது இன்னும் சீக்கிரம் தளரும். விளையாட்டுக் கணினிகளில் இது வெளிப்படையாகவே தெரியும். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற அதே கிராஃபிக்ஸ் சில்லை 35 வாட்டிலும் வைக்கலாம், 115 வாட்டிலும் வைக்கலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. பெயர் ஒன்று, வேகம் இரண்டு. ஆகவே கிராஃபிக்ஸ் கார்டின் பெயரோடு வாட் அளவையும் கேளுங்கள்.

ரேம்: இடுக்கு இருக்கிறதா?

என் தங்கை மகளுக்குக் கணினி வாங்கியபோது நானே ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். 8 ஜிபி ரேம் இருந்தது, விலையும் கட்டுப்படியானது. தேவைப்பட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டோம். இரண்டாம் ஆண்டில் வரைபட மென்பொருள் வந்ததும் கணினி தவழத் தொடங்கியது. ரேம் கூட்டக் கழற்றிப் பார்த்தால், சில்லுகள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. கூடுதலாகச் செருக இடுக்கே இல்லை. அந்தப் பெண் மீதி ஆண்டுகளைக் கல்லூரி ஆய்வகத்தில் இடம் பிடித்து ஓட்டினாள். ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. யாருக்கு வாங்கிக் கொடுக்கப் போனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்: ரேம் பற்றவைத்ததா, செருகியதா? காலி இடுக்கு எத்தனை? அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும்?

கடையில் விற்பவருக்குத் தெரியாவிட்டால் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் நீங்களே பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் மெமரி என்பதைச் சொடுக்குங்கள். எத்தனை இடுக்குகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று அங்கே காட்டும். வடிவம் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சில்லுகள் பற்றவைக்கப்பட்டவை. லெனோவோ தன் ஒவ்வொரு மாடலுக்கும் பிஎஸ்ரெஃப் என்ற தளத்தில் முழு விவரத்தாள் வெளியிடுகிறது. ரேம் பற்றவைத்ததா என்பது அதில் ஒளிவுமறைவின்றி இருக்கும்.

முன்பெல்லாம் 8 ஜிபி வாங்கிப் பிறகு கூட்டுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதே காரணம். ஆகவே தனியாக வாங்கும் ரேமின் அன்றைய விலையைக் கேட்டு, 16 ஜிபியோடு வரும் மாடலின் விலையோடு கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

சேமிப்பகத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி, அதிலும் வேகமான என்விஎம்இ வகை, 512 ஜிபி. மிகக் குறைந்த விலைக் கணினிகளில் வரும் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகத்தைத் தொடவே வேண்டாம்.

திரையும் பேட்டரியும்

திரை குறைந்தது 1920க்கு 1080 புள்ளிகள், ஐபிஎஸ் வகை. விவரத்தாளில் வெளிச்சம் 250 நிட்ஸ், வண்ண வீச்சு 45 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் அது அடிமட்டத் திரை. எழுத்து வேலைக்கு ஓடும், வண்ண வேலைக்கு ஆகாது. திருமணப் படம் எடுப்பவரும் ஃபிளெக்ஸ் வடிவமைப்பவரும் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கும் திரையையே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பார்த்த சிவப்பு ஒன்று, அச்சில் வரும் சிவப்பு ஒன்று.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு வாட்-மணி எண்ணைப் பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி, கணினி சராசரியாக 7 வாட் எடுத்தால் 6 மணி நேரம் வரும். 14 வாட் எடுத்தால் 3 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கமிருந்து காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பும் மாணவருக்கு இந்தக் கணக்கு பிராசசரைவிட முக்கியம். சார்ஜர் டைப்-சி வகையா என்றும் பாருங்கள். ஊர் ஊராக அலைபவருக்குப் பெரிய வசதி.

விலையையும் வேகத்தையும் ஒரே கணக்கில் வைப்பது

இதுவரை பார்த்ததில் உங்கள் பட்டியல் இரண்டு, மூன்று மாடல்களாகச் சுருங்கியிருக்கும். இனிமேல்தான் ஒப்பீடு.

சினிபெஞ்ச், கீக்பெஞ்ச் என்ற சோதனை மென்பொருள்களின் மதிப்பெண்கள் இணையத்தில் கிடைக்கும். நோட்புக்செக் போன்ற தளங்கள் பிராசசரை மட்டும் சோதிக்காமல், குறிப்பிட்ட கணினியிலேயே ஓட்டிப் பார்த்து எழுதுகின்றன. கீக்பெஞ்ச் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். சூடேறித் தளரும் குறை அதில் தெரியாது. சினிபெஞ்சின் பத்து நிமிட ஓட்டத்தில் அது வெளிப்பட்டுவிடும். டேலி, எக்ஸெல், ஆட்டோகேட் போன்றவை பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தை நம்புபவை. காணொளித் தொகுப்புக்கும் முப்பரிமாண வேலைக்கும் எல்லாக் கோர்களும் சேர்ந்த மதிப்பெண் வேண்டும். உங்கள் வேலைக்குரிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் இரண்டு கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். முதல் கணினி 41,000 ரூபாய், மதிப்பெண் 5,000, ரேம் 8 ஜிபி, பற்றவைத்தது. இரண்டாவது 46,500 ரூபாய், மதிப்பெண் 7,500, ரேம் 8 ஜிபி, ஒரு இடுக்கு காலி. ஆயிரம் மதிப்பெண்ணுக்கு முதலாவதில் 8,200 ரூபாய் கொடுக்கிறீர்கள், இரண்டாவதில் 6,200. விலை அதிகமான கணினிதான் மலிவு.

அடுத்து ஆண்டுக் கணக்கு. முதலாவது மூன்று ஆண்டில் உங்கள் வேலைக்குப் போதாமல் போகும் என்று வைத்தால் ஆண்டுக்கு 13,667 ரூபாய். இரண்டாவதில் 4,500 ரூபாய்க்கு ரேம் கூட்டி ஐந்து ஆண்டு ஓட்டினால் மொத்தம் 51,000, ஆண்டுக்கு 10,200. வீட்டில் "ஐயாயிரம் அதிகமா?" என்று கேட்பவர்களிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வெறும் டேலிக்காக வாங்குபவருக்கு 7,500 மதிப்பெண்ணால் ஒரு பயனும் இல்லை. தேவை எங்கே நிறைவேறுகிறதோ அதற்குமேல் உள்ள வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விலையில் சேர்க்க மறக்கும் இரண்டு செலவுகளையும் தாளில் எழுதுங்கள். ஒன்று ஆஃபிஸ் மென்பொருள். சில மாடல்களில் ஆயுள் முழுவதற்குமான ஆஃபிஸ் சேர்ந்தே வரும், சிலவற்றில் ஓராண்டுச் சந்தா மட்டும். இரண்டும் ஒன்றல்ல. மற்றொன்று வட்டியில்லாத் தவணை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்தாலும் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வட்டி 3,000 என்றால் வரி 540. செயல்பாட்டுக் கட்டணம் தனி.

பழுது நேர்ந்தால் யார் வருவார்கள்?

சென்னையில் இருப்பவர் எழுதும் ஒப்பீடுகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. வாரண்டி என்பது இரண்டு வகை: நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியது, அவர்கள் வீட்டுக்கு வந்து சரிசெய்வது. தேன்கனிக்கோட்டையிலோ பென்னாகரத்திலோ இருப்பவருக்கு முதல் வகை என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஒரு நாள் போய் வர வேண்டியிருக்கலாம். பாகம் வரவில்லை என்றால் இன்னொரு நாள்.

ஆகவே வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. கிராமத்தில் இருந்தால் உங்கள் அஞ்சல் நிலையத்தின் எண்ணைப் போடுங்கள். மாவட்டத் தலைநகருக்கு வீடு தேடி வரும் சேவை இருந்து, உங்கள் ஊருக்கு இல்லாமலும் போகலாம். தளத்தில் தெளிவாக இல்லை என்றால் உதவி எண்ணை அழைத்து, மாடல் எண்ணையும் பின்கோடையும் சொல்லிக் கேளுங்கள். ஒப்பிடும் இரண்டு கணினிகளும் மற்றபடி சமமாக இருந்தால் இந்த ஒரு விடையை வைத்தே நான் முடிவெடுப்பேன். கூடுதல் பணம் செலவழிக்க முடிந்தால் வேகமான பிராசசரைவிட மூன்றாண்டு வாரண்டிக்கே கொடுப்பேன்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மலிவு என்று ஓசூரிலிருந்து போய் வாங்குபவர்கள் உண்டு. போகலாம், தவறில்லை. ஆனால் ஜிஎஸ்டி ரசீதில் கணினியின் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை அங்கேயே நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பயன்படுத்திய கணினி

பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாடிட்யூட், எலைட்புக் கணினிகள் நம் பக்கம் நிறைய வருகின்றன. உறுதியான உடல், நல்ல விசைப்பலகை, பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடிய ரேம். புதிய அடிமட்டக் கணினியைவிட இவற்றில் ஒன்று நல்ல தேர்வாக அமைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இலவசமாகக் கிடைத்த மாட்டின் பல்லைப் பார்க்கக் கூடாது என்பார்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஐ5-8250யு ஏற்கும், ஐ5-7200யு ஏற்காது. கணினியை அணைத்துத் திறந்து, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனம் போட்ட கடவுச்சொல் கேட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி அரைமணி நேரம் காணொளி ஓட்டி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டெல் என்றால் அடியில் இருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால், முதலில் என்னென்ன பாகங்களோடு விற்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

வாங்கும் நாளில்

முடிந்தால் பகலில் போங்கள். ஒரு பென் டிரைவில் உங்கள் வேலைக் கோப்புகளில் ஆகப் பெரியதையும் ஒரு காணொளியையும் எடுத்துச் செல்லுங்கள். காட்சிக் கணினியில் இரண்டையும் ஒன்றாகத் திறந்து, சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும் கணினிகள் உண்டு. திரையை ஒரு கையால் திறந்து மூடிக் கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையில் ஒரு பத்தி முழுதாக அடித்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பெட்டியில் இருக்கும் முழு மாடல் எண்ணும் நீங்கள் தாளில் எழுதிய எண்ணும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். "அதே மாதிரிதான், கலர்தான் வேறு" என்று வேறு பெட்டியை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கணினியை ஒரு நாள் முழுக்க நன்றாக வேலை வாங்குங்கள்: சினிபெஞ்ச் பத்து நிமிடம், தொடர்ந்து ஒரு மணி நேரக் காணொளி, வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் செத்த புள்ளிகள், எல்லா யுஎஸ்பி துளைகளும், கேமராவும் மைக்கும். அன்றைக்கே நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைப் பதிவு செய்து, ரசீதைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது நாளடைவில் வெளுத்துவிடும்.